கோடு அழிந்த ரோடும் டிரைவர் இல்லாத காரும்

(ஜனவரி 26 கொடியேற்றத்துக்குப் பிறகு நம் சங்கக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன். பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



"சார், அமெரிக்கா போய் வந்தீங்களே, டிரைவர் இல்லாத கார்ல போனதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். நான் பி.காம். படித்தவன். முப்பத்தாறு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். காரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அது ஓடுகிற ரோட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கடைசியில் நம் கேட் வாசல் வேகத்தடைக்கு வருவேன். அந்த விஷயத்தில் உங்களுக்கு நான் ஒரு கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது.

போன வருஷம் கோடையில் நானும் என் வீட்டம்மாவும் பெரிய பெண் வீட்டுக்கு சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் போயிருந்தோம். அங்கே வேமோ என்று ஒரு வாடகைக் கார். போனில் கூப்பிட்டால் வரும். வெள்ளை ஜாகுவார் வண்டி, தலையில் குடம் கவிழ்த்த மாதிரி ஒரு சாதனம். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. ஸ்டீயரிங் தானாகச் சுற்றுகிறது. என் வீட்டம்மா ஏறும்போதே கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிட்டாள். முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. பயமாக இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் இரண்டு நிமிடம் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. சொல்லப்போனால் அலுப்பாகவே இருந்தது, அவ்வளவு ஒழுங்காக ஓட்டுகிறது. 'ஸ்டாப்' பலகை இருந்தால் யாருமே இல்லாத சந்திலும் நின்றுதான் போகிறது.

என் கண் ரோட்டில் இருந்தது. எல்லா இடத்திலும் கோடு இருக்கிறது. முனைக்கு முனை பலகை இருக்கிறது. நடந்து கடக்கும் இடம் பளிச்சென்று தெரிகிறது. பள்ளமே இல்லை என்று சொல்ல மாட்டேன், அங்கேயும் ஒட்டுப் போட்ட ரோடு நிறைய. ஆனால் ரோட்டில் எழுதியிருப்பது படிக்கிற மாதிரி இருக்கிறது.

அந்தக் காருக்கு 29 கேமரா, 6 ரேடார், லேசர் ஒளியை வீசித் தூரம் அளக்கும் லைடார் கருவி 5. அது போதாதென்று, ஓடப்போகும் தெருக்களை முன்கூட்டியே அங்குலம் அங்குலமாகப் படமாக்கி வைத்துக்கொள்கிறது. இத்தனையும் இருந்தாலும், தெருவில் நாம் எழுதி வைத்திருப்பதை அது படித்தாக வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் மனிதன் மாதிரி "இங்கே ஏதோ கோடு இருந்திருக்கணும்" என்று ஊகிப்பது அதற்குச் சுலபமில்லை.

என் வயதுக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கும். 1980களில் செக்கின் அடியில் வெள்ளைப் பட்டை வந்தது. அதில் எண்களைக் காந்த மையில் அச்சடித்திருப்பார்கள். எம்.ஐ.சி.ஆர். என்று பெயர். முதல் மூன்று இலக்கம் ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னை என்றால் 600 என்று தொடங்கும். அந்தப் பட்டையில் கையெழுத்துப் போடாதீர்கள், முத்திரை குத்தாதீர்கள், பின் அடிக்காதீர்கள் என்று கவுன்டரில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. "நான் முப்பது வருஷமா இப்படித்தான் கையெழுத்துப் போடுறேன்" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மெஷின் படிக்க வேண்டுமானால் முதலில் காகிதம் மாற வேண்டியிருந்தது. மெஷின் வந்த பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டிருந்தால் கிளியரிங் நாறிப்போயிருக்கும். ரோடு விஷயமும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

இதில் இரண்டு கட்சி இருக்கிறது. ரோடு எப்படி இருந்தாலும் ஓட்டத் தெரிந்த காராகச் செய்ய வேண்டும் என்பது ஒரு கட்சி. ரோட்டையும் காருக்கு ஏற்றபடி தயார் செய்தால் காரின் வேலை பாதியாகும் என்பது இன்னொரு கட்சி. ஜப்பானில் ஃபுகுயி மாநிலத்தில் எய்ஹெய்ஜி என்று ஒரு சிற்றூர், புகழ்பெற்ற பௌத்த மடம் இருக்கும் ஊர். அங்கே ரயில் நின்றுபோன பழைய தடத்தைப் பாதையாக்கி, அடியில் மின்காந்தக் கம்பியைப் புதைத்தார்கள். கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே, அந்த மாதிரி சிறு வண்டி அந்தக் கம்பியின் மேலேயே சுமார் 2 கிலோமீட்டர் போகும். வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். நம் வாட்ச்மேன் சைக்கிள் முந்திவிடும். ஆனாலும் உள்ளே ஆளே இல்லாமல் ஓட ஜப்பானில் முதன்முதலாக 2023 மே மாதம் தொடங்கியது இந்தச் சேவைதான். தடம் ஒழுங்காக இருந்ததால் வண்டி அவ்வளவு புத்திசாலியாக இருக்க வேண்டியிருக்கவில்லை. அதிலும் ஒரு பாடம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில், ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு சைக்கிள் மேல் உரசிவிட்டது. கேமராவுக்கு அது சைக்கிள் என்று தெரியவில்லை. பல மாதம் சேவையை நிறுத்தி, சரிசெய்த பிறகுதான் மறுபடி ஓடவிட்டார்கள். ஒரு சைக்கிளுக்காக நிறுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காக்காரன் கம்பியெல்லாம் புதைக்கவில்லை. பெயின்ட் டப்பாவைக் கையில் எடுத்தான். கலிஃபோர்னியாவில் 1960களிலிருந்து பாதைகளைப் பிரிக்க ரோட்டில் வெள்ளைப் பொட்டு மாதிரி பீங்கான் வில்லைகளை ஒட்டுவார்கள். டயர் ஏறினால் 'டக் டக்' என்று சத்தம் வரும், தூங்குகிற டிரைவர் விழித்துக்கொள்வார். 2017இல் அந்த மாநில நெடுஞ்சாலைத் துறை, இனி வில்லை வேண்டாம், கோடுதான் என்று முடிவு செய்தது. 4 அங்குல அகலமாக இருந்த கோட்டை 6 அங்குலமாக்கினார்கள். தானாக ஓடும் கார்களின் கேமராவுக்குக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2 அங்குலம் கூடுதல் பெயின்ட், கண் மங்கிய என்னைப் போன்ற ஆளுக்கும் சேர்த்துத்தான்.

அந்த நாட்டில் சாலைக் குறியீடுகளுக்கென்று தேசிய அளவில் ஒரு கையேடு உண்டு. நம் வங்கி மேனுவல் மாதிரி தலையணை சைஸ். 2023 டிசம்பரில் வந்த 11ஆவது பதிப்பில் தானியங்கி வாகனங்களுக்கென்றே ஐந்தாம் பகுதியை ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷமே இன்னொரு விதி வந்துவிட்டது. 35 மைல் அல்லது அதற்கு மேல் வேகம் அனுமதித்த ரோடுகளில், இரவில் விளக்கு பட்டால் கோடு திருப்பி அனுப்பும் வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. அதை எப்படிப் பராமரிக்கிறோம் என்பதற்கு ஒவ்வொரு அமைப்பும் ஒரு முறை வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கெடு இந்த வருஷம் செப்டம்பர். கோடு போட்டால் மட்டும் போதாது, போட்ட கோடு உயிரோடு இருக்கிறதா என்று ஆடிட் பண்ண வேண்டும் என்கிறார்கள். வங்கிக்காரனுக்கு இது மனசுக்கு நிறைவாக இருந்தது.

கோடு இரவில் மின்னுவது எப்படி என்று பேத்தி கேட்டாள். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே மேலே ரவை மாதிரி கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் புகுந்து, வந்த திசைக்கே திரும்புகிறது. மணி தேய்ந்து உதிர்ந்தால் பகலில் வெள்ளையாகத் தெரிகிற கோடு ராத்திரியில் காணாமல் போகும். நம் தெருவில் பாதி இடம் அப்படித்தான், மீதி இடத்தில் பகலிலும் இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த சம்பவம். பெண் வீட்டில் இருந்தபோது மவுன்டன் வியூ என்ற ஊர் வழியாகப் பலமுறை போனோம். அங்கே 101ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 85ஆம் சாலை இடது பக்கமாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. இரண்டு பாதையும் பிரியும் நடுவில் முக்கோணமாக ஒரு காலியிடம், அதன் முனையில் கான்கிரீட் சுவர். சுவருக்கு முன்னால் மோதலைத் தாங்க ஒரு மெத்தை மாதிரி இரும்பு அமைப்பு வைத்திருப்பார்கள். வண்டி மோதினால் அது மடங்கிச் சுருங்கி அடியை வாங்கிக்கொள்ளும்.

2018 மார்ச் 23ஆம் தேதி காலை. 38 வயது இன்ஜினியர் ஒருவர் டெஸ்லா காரில், பாதையைத் தானே பிடித்துக்கொண்டு போகும் வசதியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பிரிவில், கார் இருந்த பாதையின் இடது கோடு தேய்ந்திருந்தது. முக்கோணத்துக்கு அந்தப் பக்கத்துக் கோடு பளிச்சென்று இருந்தது. கார் தேய்ந்த கோட்டை விட்டுப் பளிச்சென்ற கோட்டைப் பிடித்தது. முக்கோணத்துக்குள் நுழைந்தது. முன்னால் வண்டி எதுவும் இல்லை என்று கண்டு வேகத்தையும் கூட்டியது. ஓட்டுநருக்கு எச்சரிக்கை எதுவும் தரவில்லை. சுமார் 71 மைல், அதாவது 114 கிலோமீட்டர் வேகத்தில் முனையில் மோதியது. அவர் இறந்துபோனார்.

விசாரித்தது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். 2020 பிப்ரவரியில் முடிவு சொன்னார்கள். காரின் குறை என்றார்கள். ஓட்டுநர் போனில் விளையாட்டில் கவனமாக இருந்திருக்கிறார், கை ஸ்டீயரிங்கில் இல்லை, அவர் பங்கும் உண்டு என்றார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. அந்த இரும்பு மெத்தையைப் பற்றியும் எழுதினார்கள். 11 நாள் முன்பு, மார்ச் 12ஆம் தேதி, அதே இடத்தில் வேறொரு கார் மோதியிருந்தது. மெத்தை மடங்கி அந்த ஓட்டுநரைக் காப்பாற்றியது. மடங்கிய மெத்தையை யாரும் நிமிர்த்தி வைக்கவில்லை. 11 நாள் அப்படியே கிடந்தது. அது வேலை செய்யும் நிலையில் இருந்திருந்தால் அந்த இன்ஜினியர் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்று வாரியம் சொன்னது.

நான் இதைப் படித்தது பெண் வீட்டு வரவேற்பறையில், ராத்திரி பதினோரு மணிக்கு. அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. காரணத்தை இங்கே இருக்கும் பலர் ஊகித்திருப்பீர்கள்.

நம் கேட்டுக்கு வெளியே இருக்கும் வேகத்தடையைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் போட்டோம். ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும் பிள்ளைகளை உரசிக்கொண்டு வண்டிகள் பறக்கின்றன என்று தாய்மார்கள் முறையிட்டீர்கள். நியாயம்தான். மாநகராட்சிக்கு மனு எழுதினால் நாளாகும் என்று, பக்கத்துத் தெருவில் தார் போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரியைப் பிடித்து, ஒரே ராத்திரியில் போட வைத்தோம். 9,500 ரூபாய். அப்போது பொருளாளர் நான். வவுச்சரில் கையெழுத்து என்னுடையது. வெள்ளை பெயின்டும் எச்சரிக்கைப் பலகையும் தனியாக 6,200 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தது. அந்த மாதம் லிஃப்ட் ரிப்பேர் செலவு இருந்ததால், கொட்டேஷன் மேல் 'அடுத்த மாதம்' என்று எழுதி ஃபைலில் வைத்தேன். அடுத்த மாதம் மோட்டார் வந்தது.

41ஆவது நாள் ராத்திரி, மழை, தெருவிளக்கு இல்லை. சாப்பாடு கொண்டுவந்த பையன் பைக்கோடு விழுந்தான். காறை எலும்பு முறிந்துவிட்டது. நம் வீடுகளில் ஒன்றுக்குத்தான் டெலிவரி. நானும் செக்யூரிட்டியும் ஆட்டோவில் அழைத்துப் போனோம். "இருட்டுல தெரியல சார், என் தப்புதான்" என்று அந்தத் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் தப்பு எதுவும் இல்லை. இரண்டு மாதம் அவனால் வண்டி எடுக்க முடியவில்லை. சங்கத்திலிருந்து 15,000 ரூபாய் கொடுத்தோம். கொடுக்கலாமா என்று கமிட்டியில் ஒன்றரை மணி நேரம் பேசியது மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. பெயின்ட் மறுநாளே வந்துவிட்டது.

அங்கே 11 நாள், இங்கே 41 நாள். அங்கே அரசாங்க வாரியம் விசாரித்து எழுதியது. இங்கே யாரும் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

ஊர் திரும்பியதும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கென்றே ஒரு தரம் வைத்திருக்கிறது, எண் 99. வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டரில் பத்திரமாகக் கடக்க வேண்டுமானால் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. கறுப்பு வெள்ளைப் பட்டை, முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை. நம்முடையது உயரம் 17 சென்டிமீட்டர், அகலம் முக்கால் மீட்டர். வேகத்தடை என்று சொல்லவே முடியாது, குட்டிச்சுவர்தான். ஆம்புலன்ஸில் போகும் நோயாளியை நினைத்துப் பாருங்கள். ஏ பிளாக் மாமிக்கு டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை போய்வர வேண்டியிருக்கிறது. அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கேட் கிட்ட வந்ததும் இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

"டிரைவர் இல்லாத கார் இந்தியாவுக்கு வரவே போவதில்லை, நீங்கள் ஏன் அலட்டிக்கொள்கிறீர்கள்" என்று பி பிளாக் நண்பர் கேட்டார். வரவிட மாட்டோம், ஓட்டுநர்கள் வேலை போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் சொன்னார், 2023இலும் சொன்னார். எனக்கும் அந்தக் கவலை உண்டு. கம்ப்யூட்டர் வந்தபோது வங்கி வாசலில் கொடி பிடித்தவன் நான். ஆனால் முழுசாக வராவிட்டாலும் பாதி வந்துவிட்டது. சுத்தமாகக் கையால் ஓட்டுவதை பூஜ்யம், எங்கும் தானே ஓடுவதை ஐந்து என்று ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருத்துவது, முன்னால் வண்டி நின்றால் தானே பிரேக் பிடிப்பது என்று ஒன்றாம், இரண்டாம் நிலைக் கார்கள் நம் பார்க்கிங்கிலேயே நாலைந்து நிற்கின்றன. அதில் ஒன்று அதே பி பிளாக் நண்பருடையது.

அவர் அனுபவத்தை அவர் அனுமதியோடு சொல்கிறேன். புறவழிச்சாலையில் போகும்போது ஓரிடத்தில் ரோட்டை அகலப்படுத்திப் புதுக் கோடு போட்டிருக்கிறார்கள். பழைய கோட்டைச் சுரண்டி எடுக்காமல் கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். சாயங்கால வெயில் எதிரே அடித்ததும் அந்தக் கறுப்பு பெயின்ட் புதுக் கோட்டை விடப் பளபளத்திருக்கிறது. கார் பழைய கோட்டுப் பக்கம் ஸ்டீயரிங்கை இழுத்துவிட்டது. அவர் இறுக்கிப் பிடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு அந்த வசதியை அணைத்து வைத்துவிட்டார். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை, ரோடு சரியில்லை என்பதற்காக அணைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

பலகைகள் கதையும் இதுதான். 2020இல் மெக்காஃபி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். 35 மைல் வேக வரம்புப் பலகையில், 3 என்ற எண்ணின் நடுக்கோட்டைச் சிறு கறுப்பு டேப்பால் கொஞ்சம் நீட்டினார்கள். பழைய கேமரா வைத்த டெஸ்லா அதை 85 என்று படித்து வேகம் எடுத்தது. 2 அங்குல டேப், அவ்வளவுதான். நம் தெருமுனையில் 'பள்ளி உள்ளது, மெதுவாகச் செல்லவும்' பலகை மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஹோம் டியூஷன், பைல்ஸ் வைத்தியம், பிஜி ஃபார் ஜென்ட்ஸ். பள்ளிக்கூடம் மட்டும் தெரியவில்லை.

மார்கழியில் நம் பெண்கள் கேட்டுக்கு வெளியே போட்ட கோலத்தைப் பார்த்தால் அந்தக் கேமரா என்ன செய்யும் என்று யோசித்தேன். புள்ளிக் கோலம் என்றால் கலிஃபோர்னியா வில்லை என்று நினைத்துக்கொள்ளும். சிக்குக் கோலம் என்றால் அங்கேயே நின்றுவிடும். தயவுசெய்து கோலத்தை நிறுத்திவிடாதீர்கள்.

தோண்டும் வேலை இன்னொரு தலைவலி. 2023 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோவில் க்ரூஸ் என்ற நிறுவனத்தின் ஆளில்லாக் கார், வேலை நடந்த இடத்தில் காயாத சிமென்ட்டுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. இதற்காகவே அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஒரு பொதுப் படிவம் வகுத்திருக்கிறது. எந்த ரோட்டில், எந்தத் தேதி முதல் எதுவரை, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதை எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரி வெளியிட்டால் கார்கள் முன்கூட்டியே படித்துக்கொள்ளும். நம் தெருவில் போன வருஷம் மூன்று முறை தோண்டினார்கள். மூன்றும் வேறு வேறு வேலை. ஒவ்வொரு முறையும் காலையில் ஸ்கூட்டர் எடுக்கப் போனபோதுதான் நமக்குத் தெரிந்தது. காருக்குச் சொல்லாவிட்டால் போகட்டும், மனுஷனுக்காவது சொல்லலாம்.

போன டிசம்பர் 20ஆம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோவில் பெரிய மின்வெட்டு. துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. சிக்னல்கள் அணைந்தன. பெண் போனில் சொன்னாள், "அப்பா, நீங்க போன கார் எல்லாம் நடு முனையில நிக்குதுப்பா." அணைந்த சிக்னலில் நாலு பக்கமும் நின்று நின்று போக வேண்டும் என்று அந்தக் கார்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் அலுவலகத்தைக் கேட்கும். ஒரே நேரத்தில் எல்லாக் காரும் கேட்டதில் பதில் வரத் தாமதமாகி, அங்கங்கே நின்றுவிட்டன. சேவையையே நிறுத்திவைத்தார்கள். மனிதர்கள் கையைக் காட்டி, தலையை ஆட்டி, ஒருவரை ஒருவர் பார்த்து எப்படியோ போய்க்கொண்டிருந்தார்களாம். இதைக் கேட்டு நம்மவர்கள் சிலர் சந்தோஷப்பட்டீர்கள். கரண்ட் இல்லாத சிக்னலைக் கடக்கும் பரீட்சையில் நாம் எல்லோரும் டிஸ்டிங்க்‌ஷன் என்பது உண்மைதான்.

கூட்டத்தில் சி பிளாக் டாக்டர் அம்மா எழுந்து கேட்ட கேள்வியை இங்கே பதிவு செய்ய வேண்டும். "காருக்காக ரோட்டைத் தயார் பண்ணணும்னு சொல்றீங்க. நடக்கிறவங்களுக்காக யார் தயார் பண்றது?" என்றார். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

2018 மார்ச் 18ஆம் தேதி ராத்திரி, அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், ஊபர் சோதனைக் கார் ஒன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் மேல் மோதி அவர் இறந்தார். தானாக ஓடும் கார் மோதி நடந்து போகிறவர் இறந்த முதல் சம்பவம் அது. கார் அவரை 5.6 விநாடி முன்பே கண்டுபிடித்துவிட்டது. ஆனால் வண்டி என்றது, சைக்கிள் என்றது, வேறு ஏதோ என்றது, மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நேரத்தை விட்டது. கடக்கும் இடம் அல்லாத இடத்திலும் மனிதர்கள் கடப்பார்கள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உள்ளே மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் கவனமும் ரோட்டில் இல்லை. இதில் ரோட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த இடத்தில் நடு மேடையில் செங்கல் பதித்து நடைபாதை மாதிரி அழகாகச் செய்திருந்தார்கள். பார்த்தால் 'இங்கே கடக்கலாம்' என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கூடவே 'இங்கே கடக்காதே' என்று பலகையும் வைத்திருந்தார்கள்.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விதான் முதல் கேள்வி. நடக்கிறவர் எங்கே நடக்க வேண்டும், எங்கே கடக்க வேண்டும் என்பதை ரோடு ஒரே குரலில் சொன்னால், அதை மனிதனும் படிப்பான், மெஷினும் படிக்கும். நம் கேட்டிலிருந்து எதிர்ப்பக்கப் பால் பூத்துக்குக் கடக்க ஒரு பட்டைக் கோடுகூடக் கிடையாது. காலை ஐந்தரை மணிக்கு நானும் இன்னும் பதினைந்து பேரும் வேகத்தடை மேலேயே நடந்து கடக்கிறோம், வண்டி அங்கேதான் வேகம் குறைக்கிறது என்பதால்.

நான் தீர்மானமாக முன்வைத்தது இதுதான். ரோடு நம்முடையது இல்லை, மாநகராட்சியுடையது. அதனால் இந்த முறை மேஸ்திரியைக் கூப்பிட வேண்டாம். நாம் அனுமதி இல்லாமல் போட்டதை ஒப்புக்கொண்டு, அதை எடுத்துவிட்டு விதிப்படியான வேகத்தடையும், அதை ஒட்டிக் கடக்கும் கோடும், எச்சரிக்கைப் பலகையும் போட்டுத் தரும்படி மனுக் கொடுக்க வேண்டும். அபராதம் வந்தால் கட்டிவிடலாம், பொருளாளராக இருந்த நான் என் பங்கை முதலில் வைக்கிறேன். பள்ளிப் பலகையில் ஒட்டிய நோட்டீஸ்களைச் சுத்தம் செய்யவும், தெருமுனை 'நில்' பலகையை மறைக்கும் வேப்பங்கிளையை வெட்டவும் அதே மனுவில் அனுமதி கேட்கலாம். நம் காம்பவுண்டுக்குள் இருப்பது நம் பொறுப்பு. பேஸ்மென்ட் சரிவில் அம்புக்குறியும் நடுக்கோடும் கண்ணாடி மணி தூவிய பெயின்டில் அடிக்கக் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன், 11,300 ரூபாய். இந்த முறை அதன் மேல் நான் எதுவும் எழுதவில்லை.

வேகத்தடையை எடுத்துவிட்டு, புதுசு போடும்வரை பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லையா என்று இளம் தாய்மார்கள் கேட்டீர்கள். சரியான கேள்வி. எடுப்பதும் போடுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று மனுவில் சேர்த்துவிட்டோம். அதுவரை ஸ்கூல் வேன் கேட்டுக்கு உள்ளே வந்து திரும்பிப் போகட்டும் என்று செயலாளர் வேன்காரர்களிடம் பேசியிருக்கிறார். ஒருவர் ஒப்புக்கொண்டார், மற்றவர் வளைவு போதாது என்கிறார். அந்த இடத்தில் நிற்கும் இரண்டு கார்களின் சொந்தக்காரர்கள் காலை ஏழரை முதல் எட்டரை வரை வண்டியைத் தள்ளி நிறுத்தினால் வளைவு போதும். யார் யார் என்று பெயர் சொல்லவில்லை.

மனு செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது. மொத்தம் 64 வீடு. இதை எழுதும் வரை 31 கையெழுத்து வந்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம், கடப்பவர் எல்லோருக்கும் உரிமை உண்டு. பேனா நூலில் கட்டித் தொங்குகிறது, பழைய வங்கிப் பழக்கம்.